நொறுங்கத் தின்கிறாரா? மெல்லும் திறனை அளக்க முழு வழிகாட்டி

நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பார்கள். அதைச் சொன்ன கையோடு பலரும் எண்ணிக்கைக்குத் தாவிவிடுவார்கள்: கவளத்துக்கு 32 தடவை, பல்லுக்கு ஒரு தடவை. அமெரிக்காவில் ஹோரஸ் ஃப்ளெட்சர் (1849–1919) என்று ஒருவர், சாப்பாடு வாயிலேயே தண்ணியாகும் வரை மெல்லச் சொல்லிப் பெரிய கூட்டத்தையே சேர்த்துவிட்டார். நம் பழமொழியில் எத்தனை தடவை என்ற பேச்சே கிடையாது. நொறுங்கியதா என்பது ஒன்றுதான் அதில் இருக்கும் கேள்வி. அந்தக் கேள்விக்கு வீட்டிலும் சின்னக் கிளினிக்கிலும் எப்படிப் பதில் கண்டுபிடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மியான்மரில், யாங்கோனில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். பல்செட் கட்டிக்கொண்டு போனவர்கள் இரண்டு வாரம் கழித்து வருவார்கள். "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்பார். "நல்லா இருக்கு" என்பார்கள். அட்டையில் 'நன்று' என்று எழுதுவோம். என் பெரியப்பாவின் அட்டையிலும் அதே 'நன்று'தான். ஒரு நாள் காலையில் அவருக்கு மொஹிங்கா (மீன் குழம்பில் சேமியா போட்ட பர்மியச் சாப்பாடு) வாங்கிக்கொண்டு போனேன். சேமியாவும் குழம்பும் காலி. வாழைத்தண்டுத் துண்டுகள் மட்டும் கிண்ண விளிம்பில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன, ஒன்பது துண்டு. ஒவ்வொன்றையும் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு நாக்கால் ஒதுக்கியிருக்கிறார்.

"என்ன பெரியப்பா, தண்டு பிடிக்கலையா?"

"பிடிக்காம என்னம்மா. பல்லு புதுசுல்ல, போகப் போகப் பழகிடும்."

புதுசு என்று அவர் சொன்ன பல்லுக்கு அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. 'நல்லா இருக்கு' என்பது அளவு இல்லை என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

எதை அளக்கப் போகிறோம்?

மெல்லுவதை அளக்கிறேன் என்று யாராவது சொன்னால், நான்கில் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குறிப்பிட்ட தடவை மென்றதும் உணவு எவ்வளவு பொடியாகியிருக்கிறது என்பது ஒன்று. இதை அரைக்கும் திறன் என்று வைத்துக்கொள்வோம். அதே பொடிக்கு வர ஒருவருக்கு எத்தனை தடவை கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது இரண்டாவது. இது சிக்கனக் கணக்கு. மேன்லி, பிரேலி என்ற இருவர் 1950-இல் எழுதிய கட்டுரை இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டியது. இன்றைக்கும் பல் ஆராய்ச்சியில் அந்தப் பிரிவினைதான் ஓடுகிறது. மூன்றாவது, தன் போக்கில் சாப்பிட விட்டால் எந்தக் கட்டத்தில் விழுங்குகிறார் என்பது. நான்காவது, தன் மெல்லும் திறனைப் பற்றி அவரே என்ன நினைக்கிறார் என்பது.

இந்த நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று நம்பிவிடாதீர்கள். மெல்ல முடியாதவர் ஈடுகட்ட அதிக நேரம் மெல்லுவார் என்றுதான் நமக்குத் தோன்றும். நடப்பது வேறு. பெரும்பாலும் மற்றவர்கள் மெல்லும் அளவுக்கே, அல்லது சற்றுக் கூடுதலாக மென்றுவிட்டு, பெரிய துண்டாகவே விழுங்கிவிடுகிறார்கள். விழுங்கும் நேரம் பழக்கத்தைப் பொறுத்தது, பல்லைப் பொறுத்தது மட்டும் அல்ல. அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் நன்றாக மெல்கிறார் என்று முடிவுகட்ட முடியாது. நான்காவதும் அப்படித்தான். பல நாள் பல் இல்லாமல் இருந்தவருக்கு எந்தச் செட்டும் சொர்க்கம். அவர் சொல்லும் 'நன்று' முந்தைய கஷ்டத்தோடு ஒப்பிட்டுச் சொல்வது.

முதல் படி: வாயைத் திறக்கச் சொல்லுங்கள்

சோதனைப் பொருளை எடுக்கும் முன் டார்ச் லைட்டும் கண்ணாடியும் போதும்.

பல்லை எண்ணாதீர்கள், ஜோடியை எண்ணுங்கள். மேலே ஆறு கடைவாய்ப் பல் இருந்து, கீழே அவற்றுக்கு எதிரே ஒன்றும் இல்லை என்றால் அது குழவி இல்லாத அம்மிதான். மெதுவாகக் கடிக்கச் சொல்லி, எந்தப் பல் எதன்மேல் உட்காருகிறது என்று பாருங்கள். முன்கடைவாய்ப் பல் ஜோடிக்கு 1, பெரிய கடைவாய்ப் பல் ஜோடிக்கு 2 என்று மதிப்பெண் போடுங்கள். ஞானப்பல்லைச் சேர்க்க வேண்டாம். எல்லா ஜோடியும் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 12 வரும். இந்த எண் சொல்வது வசதி எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும். அந்த வசதியை அவர் பயன்படுத்துகிறாரா என்பது பின்னால் தெரியும்.

அடுத்தது வாய் எவ்வளவு திறக்கிறது என்பது. நம் ஊரில் இதைத் தாண்டிப் போகவே முடியாது. தெருமுனைக்குத் தெருமுனை குன்யா (வெற்றிலைப் பாக்கு) கடை இருக்கிற ஊரில் 40, 50 வருடம் பாக்கு போட்டவர்களின் கன்னம் உள்பக்கம் நார்போல இறுகிப்போயிருக்கும். அவருடைய சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் நுழையாவிட்டால் ஸ்கேல் வைத்து அளந்து எழுதுங்கள். பெரியவர்களுக்கு 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் குறைவு. வாயில் வெள்ளைத் தழும்போ ஆறாத புண்ணோ தென்பட்டால் சோதனையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். கடலையை எடுக்கும் நேரம் அது இல்லை.

விழுங்கும்போது புரையேறுகிறவர், பக்கவாதம் வந்தவர், கடலை ஒத்துக்கொள்ளாதவர் ஆகியோருக்கு அடுத்து வரும் கடலைச் சோதனை கூடவே கூடாது.

கேள்விப் பட்டியல்: கேட்கத்தான் வேண்டும், ஆனால் ஊர்ச் சாப்பாட்டை வைத்து

வெளிநாட்டுக் கேள்வித்தாள்களில் பச்சை ஆப்பிள், பச்சைக் காரட், ஸ்டேக் என்றெல்லாம் இருக்கும். வாழ்நாளில் ஸ்டேக்கைத் தொடாதவரிடம் அதை மெல்ல முடிகிறதா என்று கேட்டு என்ன பிரயோசனம்? நான் வைத்திருக்கும் பட்டியல் மெத்தென்றதிலிருந்து கடினமானதற்கு இப்படிப் போகிறது: இட்லி, மொஹிங்கா சேமியா, அதில் வரும் வாழைத்தண்டு, கோழிக்கறி, ஆட்டுக்கறி, வெள்ளரிக்காய், முறுக்கு, லப்பெயோடு (ஊறவைத்த தேயிலை) வரும் வறுத்த பயறும் பூண்டும், கரும்பு.

ஒவ்வொன்றுக்கும் சுலபம், சிரமம், முடியாது என்று மூன்று பதில். கூடவே இன்னொரு கேள்வி: கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? பெரியப்பா முறுக்குக்கு 'சுலபம்' என்றார். எப்போது சாப்பிட்டார் என்று கேட்டேன். போன வருடத் தீபாவளிக்கு முந்திய தீபாவளியைச் சொன்னார். அதாவது பழைய பல்லோடு. அந்த இரண்டாவது கேள்வி இல்லாவிட்டால் பட்டியலில் பாதி ஞாபகமாகத்தான் இருக்கும்.

கடலைச் சோதனை

இனிதான் முக்கியமான வேலை. 3 கிராம் வறுத்த வேர்க்கடலை, 20 தடவை மெல்லல், ஒரு சல்லடை. மேன்லியும் பிரேலியும் கையாண்டதும் கடலையையும் சல்லடையையும்தான்.

தேவையானவை: தோல் நீக்கிய, உப்புப் போடாமல் வறுத்த கடலை, 0.01 கிராம் வரை காட்டும் தராசு, சுமார் 2 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிச் சல்லடை, இரண்டு கிண்ணம், காபி வடிகட்டும் தாள் அல்லது நெருக்கமான மெல்லிய துணி.

தராசுக்கு எங்கும் அலைய வேண்டாம், தங்கம் நிறுக்கிற தராசு போதும். என் கொழுந்தனார் நகைப்பட்டறையில் இருக்கிறார். அங்கே கிராம் பேச்சே கிடையாது, பே என்ற பர்மிய எடைக் கணக்குத்தான். 16 பே ஒரு டிக்கல், நூறு டிக்கல் ஒரு வீசை. ஒரு பே என்பது ஒரு கிராமுக்கு மயிரிழை கூட. ஆகவே 3 பே கடலை நிறுத்தால் 3 கிராமும் சொச்சமும். தங்கம் வைக்கிற தட்டில் கடலையைப் பார்த்ததும் பட்டறையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். 3 பே என்பது ஆறு பருப்பு, சில சமயம் ஏழு. உடைந்த பருப்பையும் சுருங்கிய பருப்பையும் ஒதுக்கிவிட்டு ஒரே அளவுள்ள முழுப் பருப்பாக எடுங்கள். ஒரே கடையில் ஒரே நாளில் வறுத்ததாக இருக்கட்டும். மழைக்காலத்தில் காற்றுப் பட்டுக் கடலை நமத்துப்போகும். நமத்த கடலை மென்றால் உடையாது, நசுங்கும். இரண்டு மாதம் கழித்து வரும் எண் மாறினால் மாறியது பல்லா கடலையா என்று தெரியாமல் போய்விடும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

சல்லடையின் கண்ணை நீங்களே அளக்கலாம். கம்பி வலைமேல் ஸ்கேலை வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்று எண்ணுங்கள். 25.4-ஐ அந்த எண்ணால் வகுத்து, கம்பியின் தடிமனைக் கழித்தால் கண்ணின் அகலம் வரும். 10 கண், கம்பி அரை மில்லிமீட்டர் என்றால் கண் 2 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் வலை வேண்டாம், தண்ணீர் ஊற்றினால் கண் விரிந்து கொடுக்கும். மூன்று கடை ஏறி இறங்கியும் எனக்குச் சரியான மாவுச் சல்லடை அகப்படவில்லை. கடைசியில் இரும்புக் கடையில் கம்பி வலை வாங்கி மரச்சட்டத்தில் அடித்துக்கொண்டேன்.

இனி செய்முறை.

வாயை நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பல்செட் போட்டிருந்தால் கழற்றிக் கழுவி மறுபடி போடட்டும். நிமிர்ந்து உட்கார வையுங்கள். கடலை முழுவதையும் ஒரே தடவையாக நாக்கில் வைத்து, வழக்கம்போல மெல்லுங்கள், விழுங்க மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். எண்ணுவது உங்கள் வேலை. அவர் தானே எண்ணினால் ராணுவ அணிவகுப்பு மாதிரிதான் மெல்லுவார். தாடைக் கோணத்துக்குச் சற்று மேலே உங்கள் இரண்டு விரலை லேசாக வையுங்கள். ஒவ்வொரு கடிக்கும் தசை திரண்டு விரலைத் தள்ளும். வாயைப் பார்த்து எண்ணுவதைவிட இது சரியாக வரும். 20 வந்ததும் "போதும்".

கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்கள். பிறகு ஒரு மடக்கு தண்ணீரில் கொப்பளித்து அதையும் அதே கிண்ணத்திலேயே துப்பட்டும். தண்ணீர் தெளிவாக வரும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பல்செட்டுக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் ஒளிந்திருக்கும். கழற்றி அதே கிண்ணத்தின்மேல் கழுவுங்கள். கீழ்ச் செட்டின் அடியிலிருந்து அரைப் பருப்பு அப்படியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது சல்லடையை இன்னொரு கிண்ணத்தின்மேல் வைத்து, முதல் கிண்ணத்தில் இருப்பதை ஊற்றுங்கள். மெல்லிய தாரையாக ஒரு லிட்டர் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். விரலால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் பல் செய்யாத வேலையை நீங்கள் செய்ததாகிவிடும். சல்லடைமேல் நின்றதை, முன்பே நிறுத்துவைத்த ஒரு தாளில் தட்டிக்கொள்ளுங்கள். கீழே போனதைக் காபித் தாளில் வடிகட்டுங்கள். அந்தத் தாளையும் முன்பே நிறுத்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டையும் காயவைக்க வேண்டும். கடலை எச்சிலைக் குடித்து ஊதிக்கொள்ளும், ஈரத்தோடு நிறுத்தால் 3 கிராம் போட்டது 4 கிராமாகத் திரும்பி வரும். வெயில் காலத்தில் மொட்டை மாடியில் வலை மூடி ஒரு நாள் வைத்தாலே போதும். மழைக்காலத்தில் குறைந்த சூட்டில் ஓவனில் வைத்தேன். பாதியில் கரண்ட் போய், கரண்ட் வரும் வரை கதவைத் திறக்காமல் காத்திருந்தேன். எப்படிக் காயவைத்தாலும் விதி ஒன்று: ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை நிறுத்து, இரண்டும் ஒன்றாக வந்தால்தான் காய்ந்தது என்று பொருள்.

கணக்கு: சல்லடை தாண்டிய எடையை, தாண்டியதும் தங்கியதும் சேர்ந்த மொத்த எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். ஆரம்பத்தில் போட்ட 3 கிராமால் வகுக்கச் சொல்கிறவர்கள் உண்டு, சல்லடைமேல் நின்றதைக் கழித்துவிட்டு மிச்சமெல்லாம் தாண்டியது என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது நேரத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் ஆள் கொஞ்சம் விழுங்கிவிட்டால் விழுங்கியதெல்லாம் 'நன்றாக அரைத்தது' என்று கணக்கில் ஏறிவிடும். பழக்க தோஷத்தில் கொஞ்சம் விழுங்காதவர் யாரும் இல்லை.

பெரியப்பாவின் முதல் நாள்: தாண்டியது 0.9 கிராம், தங்கியது 1.7 கிராம், மொத்தம் 2.6. அதாவது 35 சதவீதம். எனக்கும் அதே சல்லடையில் செய்து பார்த்தேன், 81 வந்தது.

ஐந்து நிமிட இடைவெளி விட்டு மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். ஒரு தடவை வந்த எண்ணை நம்பாதீர்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்தால் எண்ணியதில் கோளாறு, இல்லையென்றால் செட் ஆடுகிறது.

சிலர் ஒரு பக்கமாகவே மெல்லுவார்கள். அப்படிச் சந்தேகம் வந்தால் வலது பக்கம் மட்டும், இடது பக்கம் மட்டும் என்று தனித்தனியாக ஒரு சுற்று வையுங்கள். பெரியப்பாவுக்கு வலது பக்கம் 40-க்கு மேல் வந்தது, இடது பக்கம் 20 கூட எட்டவில்லை. இடது கீழ்ச்செட்டின் விளிம்பு ஈறில் அழுத்திக்கொண்டிருந்தது. ஏழு மாதமாக அவர் வாயைத் திறந்து சொல்லாத விஷயத்தைச் சல்லடை ஒரே மத்தியானத்தில் சொல்லிவிட்டது.

ஒரு சல்லடையா, ஏழு சல்லடையா?

ஒரு சல்லடைக்கு ஒரு குறை உண்டு. 2 மில்லிமீட்டரைத் தாண்டாதது 2.1 மில்லிமீட்டர் துண்டா, அரைப் பருப்பா என்று அதற்குத் தெரியாது. ஆராய்ச்சிக்கூடத்தில் 5.6, 4, 2.8, 2, 1.4, 1, 0.5 மில்லிமீட்டர் என்று மேலிருந்து கீழாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் தங்கியதை நிறுப்பார்கள். அதிலிருந்து 'பாதி எடை தாண்டும் கண் அளவு' என்ற ஓர் எண்ணை எடுப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் பொடி நைஸ் என்று அர்த்தம்.

அதற்குப் பயன்படும் சூத்திரம் பல் மருத்துவத்தில் பிறந்தது இல்லை. 1933-இல் ரோசின், ராம்லர் என்ற இருவர் நிலக்கரித் தூளுக்காக எழுதியது. கரி அரைக்கும் ஆலைக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் ஒரே கணக்கு!

சூத்திரம் தெரியாவிட்டால் கட்டக்காகிதமே போதும். கிடைக்கோட்டில் கண் அளவையும் நிலைக்கோட்டில் அதைத் தாண்டிய சதவீதத்தையும் குறித்துப் புள்ளிகளை இணையுங்கள். 50-க்கு நேரே கோடு எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். 2 மில்லிமீட்டரில் 35, 2.8-இல் 55 என்றால் பாதி எடைப் புள்ளி சுமார் 2.6-இல் விழும்.

கடலைக்குப் பதிலாகச் செயற்கைப் பொருளை மெல்லக் கொடுப்பதும் உண்டு. பல் அச்செடுக்கப் பயன்படும் சிலிகானை 5.6 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டி, 17 துண்டைக் கொடுப்பார்கள். அது நமக்காது, எச்சிலைக் குடிக்காது, இன்றைக்கும் அடுத்த வருடத்துக்கும் ஒரே கடினம். ஆனால் பல்செட்காரர்கள் பலருக்கு அது உடைக்க முடியாத அளவுக்குக் கடினம். அதனால்தான் பிற்பாடு மெத்தென்ற கலவை ஒன்றும் வந்தது. வீட்டுக்கு இது தேவையே இல்லை.

இரண்டு நிறச் சூயிங்கம்

கடலையே கொடுக்க முடியாதவர்களுக்கு இந்த வழி. இரண்டு வெவ்வேறு நிறக் கம்மை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி 20 தடவை மெல்லச் சொல்லி, நிறம் எவ்வளவு கலந்தது என்று பார்ப்பது. இதில் துண்டு சிதறாது, தொண்டைக்குள் தூள் போகாது. பல்செட்டில் ஒட்டாத மெத்தென்ற கம்மாக இருக்க வேண்டும். செட் போட்டவருக்குக் கொடுக்கும் முன் ஒரு பழைய செட்டில் ஒட்டிப் பாருங்கள்.

வெற்றிலை போடுகிறவரிடம் ஓர் எச்சரிக்கை. பாக்குச் சிவப்பு கம்மில் ஏறி நிறத்தைக் கெடுத்துவிடும். சோதனைக்கு முன் இரண்டு மணி நேரம் குன்யா கூடாது, துலக்கிக் கொப்பளித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான கம்மைத் தவிர்த்து நீலமும் வெள்ளையுமாக எடுங்கள்.

மென்ற உருண்டையைத் தெளிவான பிளாஸ்டிக் உறையில் போட்டு, இரண்டு தட்டைப் பலகைக்கு நடுவே வைத்து 1 மில்லிமீட்டர் தகடாக அழுத்துங்கள். பலகையின் இரு ஓரத்திலும் 1 மில்லிமீட்டர் கனமுள்ள ஏதாவது ஒன்றை வைத்தால் தடிமன் தானே சரியாக வரும். இரண்டு பக்கத்தையும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் இன்னும் நல்லது. ஜன்னலோரத்தில் ஒன்று, டியூப்லைட்டில் ஒன்று என்று எடுத்தால் படம் வீண்.

கண்ணால் ஐந்து படியில் மதிப்பிடலாம். கடித்த தடம் மட்டும் இருந்தால் 1. பெரும்பகுதி கலக்காமல் இருந்தால் 2. கலந்திருந்தாலும் ஆங்காங்கே பழைய நிறம் தெரிந்தால் 3. நன்றாகக் கலந்தும் நிறம் சீராக இல்லை என்றால் 4. ஒரே நிறம் என்றால் 5. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போடுங்கள். கணினியில் பார்க்க 'வியூ-கம்' (ViewGum) என்ற மென்பொருள் இருக்கிறது. படத்தில் நிறம் எவ்வளவு சிதறியிருக்கிறது என்று எண்ணாகச் சொல்லும். சிதறல் குறைந்தால் கலவை நன்று.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். கம் அளப்பது பிசையும் திறனை, கடலை அளப்பது உடைக்கும் திறனை. நாக்கும் கன்னமும் நன்றாக வேலை செய்தால் பல் குறைந்தவர்கூடக் கம்மைப் பிசைந்துவிடுவார். நல்ல பல் உள்ளவர்களிடையே வித்தியாசம் காணக் கடலை உதவும். பல் போனவர்கள், நோயாளிகள் என்றால் அவர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைக் கம்தான் நன்றாகக் காட்டும்.

நிறம் மாறும் கம் என்று ஜப்பானில் ஒன்று உண்டு. முதலில் மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். மெல்ல மெல்ல மஞ்சளும் நீலமும் புளிப்பும் எச்சிலில் கரைந்து போய்ச் சிவப்பு மேலெழும். கொடுத்து வாங்கி நிற அட்டையோடு ஒப்பிட்டால் முடிந்தது.

ஜெல்லியும் கருவிகளும்

ஜப்பானில் கிளினிக்குகளில் குளுக்கோஸ் சேர்த்த 2 கிராம் ஜெல்லியை 20 விநாடி மெல்லச் சொல்கிறார்கள். பிறகு 10 மில்லி தண்ணீரை வாயில் வாங்கி, எல்லாவற்றையும் வடிகட்டியில் துப்பச் சொல்லி, வடிந்த நீரில் எவ்வளவு குளுக்கோஸ் கரைந்திருக்கிறது என்று கருவியில் பார்ப்பார்கள். துண்டு பெருகப் பெருகப் பரப்பு கூடும், கரைவதும் கூடும். டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் மெல்லும் திறன் குறைந்துவிட்டது என்று எழுதுவார்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கிற மீட்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அது ரத்தத்துக்காக அளவு பிடித்தது.

கடிக்கும் விசையை அளக்கும் கருவியும், கன்னத்தில் ஒட்டித் தசையின் மின்துடிப்பைப் பதியும் கருவியும் இருக்கின்றன. அவை பலம் எவ்வளவு, தசை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லும். பொடியானதா என்று சொல்லாது.

பிஸ்கட்டும் கடிகாரமும்

விழுங்கும் நேரத்துக்கு வருவோம். புரையேறும் தொல்லை இல்லாதவருக்கு ஒரு சாதா உப்பு பிஸ்கட்டைக் கொடுத்து, முடிந்த அளவு சீக்கிரம், ஆனால் வசதியாகச் சாப்பிடச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து மொபைலில் வீடியோ எடுங்கள். எத்தனை கடியில் பிஸ்கட் தீர்ந்தது, எத்தனை தடவை மென்றார், எத்தனை தடவை விழுங்கினார், மொத்தம் எத்தனை விநாடி என்ற நான்கையும் எழுதுங்கள். குரல்வளை மேலேறி இறங்குவதை வைத்து விழுங்கலை எண்ணலாம். சேலை முந்தானையோ சட்டைக் காலரோ கழுத்தை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வீடியோ எனக்கு அப்படித்தான் வீணானது.

வீடியோவை மெதுவாக ஓட்டித் தாடை போகும் வழியையும் பாருங்கள். நன்றாக மெல்கிறவரின் முகவாய் பக்கவாட்டில் ஒரு வட்டம் போட்டு வரும். மேலும் கீழுமாக மட்டும் போகிறதென்றால் அது அரைப்பது இல்லை, இடிப்பது. பல்செட் ஆடுமோ என்ற பயத்தில் பலர் அப்படித்தான் மெல்லுகிறார்கள்.

எண்ணை எப்படிப் படிப்பது?

பெரியப்பாவின் 35-ஐ என்னுடைய 81-ஓடு வைத்து அவரைக் கேலி செய்யலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. சல்லடை ஒன்றுதான், வாய் வேறு. முழுப் பல்செட் போட்டவரின் கடிவிசையே சொந்தப் பல் உள்ளவருடையதில் பாதி தேறாது. அதே பொடிக்கு அவருக்குப் பல மடங்கு தடவை வேண்டும். ஒருவரின் எண்ணை அவருடைய முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள்: அதே சல்லடை, அதே கடலை, அதே 20, முடிந்தால் அதே நேரம். காலைப் பசியும் மாலைச் சோர்வும் ஒன்றில்லை.

நோட்டில் நான் எழுதுவது: தேதி, ஜோடி மதிப்பெண், வாய் திறப்பு, கடலைச் சதவீதம் மூன்றும் சராசரியும், வலது, இடது, பிஸ்கட் எண்கள், 'முடியாது' என்று சொன்ன சாப்பாடுகள். புதுச் செட் போட்டவர்களுக்கு முதல் வாரத்தில் ஒன்று, ஆறு வாரத்தில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று. எண் ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ செட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

பெரியப்பாவின் இடது விளிம்பை டாக்டர் இழைத்துக் கொடுத்தார். ஆறு வாரம் கழித்து மறுபடி பட்டறைத் தராசு, மறுபடி 3 பே கடலை. 52 வந்தது. நோட்டைக் காட்டினேன். "இதென்னம்மா, பாஸ் மார்க்கா?" என்றார். ஆட்டுக்கறிக்கு இன்னும் 'சிரமம்' என்றுதான் சொல்கிறார். வாழைத்தண்டு கிண்ண விளிம்புக்கு வருவதில்லை.

கடைசியாகச் சல்லடை. கடலை எண்ணெய் கம்பியில் படிந்து காய்ந்தால் கண் சுருங்கிவிடும், அடுத்த தடவை எல்லோருக்கும் எண் இறங்கும். வெந்நீரும் சோப்புத்தூளும் போட்டுப் பழைய டூத்பிரஷால் இரண்டு பக்கமும் தேய்த்து, உலர்த்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு கண்ணும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பெயர் எழுதி அடுப்படிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். என் முதல் சல்லடையில் மாமியார் ரவை சலித்துவிட்டார்.